பின்னோக்கிச் சுழன்ற மீட்டர்: நெட் மீட்டரிங்கின் வரலாறு

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியில் ஒருவர் மொட்டை மாடியில் சூரியத் தகடு போட்டால் கரண்ட் பில் எவ்வளவு குறையும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் எந்த வருடத்துக் கணக்கு என்று கேட்க வேண்டும். 2013க்கு ஒரு பதில், 2019க்கு வேறு பதில், 2021க்குப் பிறகு மற்றொரு பதில். வெயில் அதே வெயில்தான், தகடும் அதே தகடுதான். மாறியது கழிக்கும் முறை மட்டுமே.

இந்தக் கதை மீட்டரிலிருந்து தொடங்குகிறது. மின்சாரத்தை விற்க வேண்டுமானால் முதலில் அதை அளக்க வேண்டும். 1880களில் எடிசன் வைத்த மீட்டர் ஒரு ரசாயன ஜாடி. உள்ளே துத்தநாகத் தகடுகள் இருக்கும். மாதம் ஒருமுறை ஆள் வந்து தகட்டை எடுத்து எடை போட்டு, எடை எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்துப் பில் போடுவார். 1889ல் ஹங்கேரியின் ஓட்டோ பிளாத்தி என்ற பொறியாளர் மாறுமின்னோட்டத்தை அளக்கும் மீட்டரைக் காட்சிக்கு வைத்தார். பின்னாளில் வீடுகளில் நாம் பார்த்த, அலுமினியத் தட்டு சுழலும் மீட்டர் அந்த வழியில் வந்ததுதான். அந்தத் தட்டுக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் வீட்டுக்குள் வந்தால் முன்னோக்கிச் சுழலும், வீட்டிலிருந்து வெளியே போனால் பின்னோக்கிச் சுழலும்!

தொண்ணூறு வருடம் யாருக்கும் அந்தக் குணம் பெரிதாகத் தேவைப்படவில்லை. 1979ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டீவன் ஸ்ட்ராங் என்ற கட்டடக் கலைஞர் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சூரியத் தகடுகளைப் பொருத்தினார். உபரி மின்சாரம் கம்பிக்குப் போனபோது மீட்டர் தானாகவே பின்னோக்கி ஓடியது. எந்தச் சட்டமும் இல்லாமலே கொடுத்தது வாங்கியதில் கழிந்தது. 1983ல் மின்னசோட்டா மாநிலம் இதைச் சட்டமாக்கியது. நெட் மீட்டரிங் என்பது இதுதான்: வாங்கிய யூனிட்டிலிருந்து கொடுத்த யூனிட்டைக் கழித்து, மீதிக்கு மட்டும் பில்.

தமிழ்நாட்டில் மின்கட்டணத்துக்கான சண்டை சூரியத் தகட்டைவிட மிகப் பழையது. 1970ல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு யூனிட் கட்டணம் உயர்த்தப்பட்டது. எதிர்ப்புத் தெரிவித்த விவசாயிகளில் மூவர் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். பைசாக் கணக்கில் இருந்த உயர்வு அது. 1984ல் சிறு விவசாயிகளுக்கும் 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. 2003ல் அது நிறுத்தப்பட்டு, 2004 மக்களவைத் தேர்தல் முடிந்த கையோடு திரும்ப வந்தது. ஆகவே இங்கே கரண்ட் கணக்கு என்பது வெறும் கணக்கு அல்ல.

2012ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அந்த அக்டோபரில் மாநில அரசு சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டது. 2013 நவம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டரிங்குக்கு உத்தரவு போட்டது. யூனிட்டுக்கு யூனிட் கழியும். ஆனால் வருடக் கணக்கு முடியும்போது மொத்தப் பயன்பாட்டில் 90 சதவீதம் வரைதான் ஏற்கப்படும், அதற்கு மேல் இருப்பது காலாவதி.

2019ல் புதிய கொள்கை வந்தது. அந்த மார்ச் மாத உத்தரவு நெட் மீட்டரிங்கை நிறுத்திவிட்டு 'நெட் ஃபீட் இன்' முறையைக் கொண்டு வந்தது. இதில் யூனிட் கழியாது, பணம்தான் கழியும். வாரியத்திடம் வாங்கியது முழுவதற்கும் வழக்கமான கட்டணம். வாரியத்துக்குக் கொடுத்த யூனிட்டுக்கு ரூ.2.28. பெயரில் இரண்டு சொல்தான் வேறு, பில்லில் வித்தியாசம் பெரிது. 2020 டிசம்பர் 31 தேதியிட்ட மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகள் நெட் மீட்டரிங்குக்கு இடம் கொடுத்தன. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு அது திரும்ப வந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒப்பிட வசதியாக எல்லாவற்றுக்கும் 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தையே வைத்துக்கொள்வோம். யூனிட் கணக்கு மட்டும், வேறு கட்டணம் எதையும் சேர்க்கவில்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 600 யூனிட் தேவை. தகடு இல்லையென்றால் பில் ரூ.2,750. அங்கே 2 கிலோவாட் தகடு இருக்கிறது. ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்குச் சுமார் 4 யூனிட் வீதம் இரண்டு மாதத்தில் 480 யூனிட் கிடைக்கும். அதில் 180 யூனிட் பகலிலேயே வீட்டில் செலவாகிறது. மிச்சம் 300 கம்பிக்குப் போகிறது. இரவுக்கும் மற்ற நேரத்துக்கும் வாங்கியது 420.

நெட் மீட்டரிங்கில் 420லிருந்து 300 போக 120 யூனிட். முதல் 100 இலவசம், மீதி 20க்கு ரூ.2.25 வீதம் பில் ரூ.45.

நெட் ஃபீட் இன் முறையில் 420 யூனிட்டுக்கு ரூ.1,245. அதில் 300 யூனிட்டின் விலை ரூ.684ஐக் கழித்தால் பில் ரூ.561.

வாரியத்தின் பக்கமும் நியாயம் உண்டு. நண்பகலில் கொடுத்த யூனிட்டும் இரவு ஏழு மணிக்குக் கேட்கும் யூனிட்டும் ஒரே விலை அல்ல. கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றையும் பராமரிக்க வேண்டும். மேல் படியில் கட்டணம் கட்டுபவர்களின் பணம்தான் கீழ்ப் படியில் உள்ளவர்களின் சுமையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. தகடு போட்டு விலகுகிறவர்களும் அந்த மேல் படிக்காரர்கள்தான்.

இப்போது ஆலங்குடிக்கு வருவோம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டுக்கு 2016 முதல் கட்டணமே இல்லை. 200 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு அதே 2022 கட்டணப்படி ரூ.225. வருடம் முழுக்கச் சேமித்தாலும் ரூ.1,350தான். தகடு விலைக்கு அது காணாது. வடகாடு, கீரமங்கலம் பக்கம் பல நூறு அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பூவுக்கும் வாழைக்கும் நீர் இறைக்கும் மோட்டாருக்கு இலவச மின்சாரம். இலவசத்தில் கழிக்க என்ன இருக்கிறது? 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குத்தான் முழு லாபம். 2024ல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் தருகிறது. முதலைக் குறைக்க அது உதவும். ஆனால் குறைவாக எரிப்பவருக்குச் சேமிக்கப் பில்லே இல்லை. பம்புசெட்டுக்கு 2019ல் வந்த குசும் திட்டம் வேறு வழி சொன்னது: விவசாயி தன் தேவைக்கு மேல் உற்பத்தியாவதை வாரியத்துக்கு விற்கலாம். கழித்தலில் லாபம் இல்லாதவருக்கு விற்பனையில்தான் வழி.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் ஆலங்குடி வட்டாரத்தில் தென்னைகளோடு மின்கம்பங்களையும் சாய்த்தது. டெல்டாவையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சேதமாயின. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. பேட்டரி இல்லாத நெட் மீட்டர் வீடும் அப்படிப்பட்ட நாளில் இருட்டில்தான் இருக்கும். கம்பியில் மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பியைச் சரிசெய்யும் லைன்மேனின் உயிரைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. நெட் மீட்டர் குறைப்பது பில்லை, மின்வெட்டை அல்ல.

பழைய தட்டு மீட்டர் தானே கழித்துவிடும். இன்றைய இருதிசை மீட்டர் வாங்கியதை ஒரு எண்ணாகவும் கொடுத்ததை ஒரு எண்ணாகவும் தனித்தனியே வைத்திருக்கிறது. எப்படிக் கழிப்பது என்பது மீட்டருக்குத் தெரியாது, ஆணையத்தின் உத்தரவுதான் அதைச் சொல்கிறது. தகடு போட நினைப்பவர் தகட்டின் விலையை விசாரிப்பதோடு, தன் இணைப்புக்கு இப்போது எந்த உத்தரவு பொருந்தும் என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.