செங்கல்பட்டுப் படியாளும் நேட்டால் ஏஜென்ட்டும்

செங்கல்பட்டு ஜில்லாவின் 19ஆம் நூற்றாண்டு வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப வரும். கடல் தாண்டிக் கரும்பு வெட்ட ஆள் சேர்த்த ஏஜென்ட்டை நம்பி அத்தனை பேர் ஏன் கிளம்பினாங்க? "ஏமாத்திக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்பது வழக்கமான பதில். அது பாதி உண்மை. மீதிப் பாதி ஊருக்குள்ளேயே இருக்கு.

1891ல் இங்கே கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி ஒரு விரிவான அறிக்கை எழுதினார். சொந்த நிலம் கிடையாது. வாங்கிய கடனுக்காக மிராசுதாரிடம் படியாளாகக் கட்டுப்பட்டுக் கிடக்கணும். குடிசை நிற்கும் இடம்கூட மிராசுதார் கையில். எதிர்த்துப் பேசினால் வீடும் போகும். இந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30ல் வந்த அரசாணை 1010தான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை.

இப்படிப்பட்ட ஊருக்குள் ஒருவர் வந்து "மாசம் பத்து ஷில்லிங் சம்பளம், சாப்பாடு, தங்க இடம்" என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்? யோசிச்சுப் பாருங்க. நேட்டால் ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு. முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், அதாவது அன்றைய கணக்கில் 5 ரூபாய். பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். நெல்லாகக் கூலி வாங்கியே பழகிய படியாளுக்கு, மிராசுதார் கைக்கு எட்டாத ஒரு வழி அது. போனவர்கள் எல்லோரும் ஒன்றும் தெரியாதவர்கள் என்று எழுதிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் கப்பல் 'ட்ரூரோ' 1860 அக்டோபர் 12ல் 342 பேருடன் சென்னையை விட்டுக் கிளம்பி, நவம்பர் 16ல் டர்பன் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் அதிகம் பேர் போன பகுதிகளில் வட ஆற்காடும் செங்கல்பட்டும் உண்டு.

ஏஜென்ட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். கப்பல் ஏறியதோடு அவர் கணக்கு முடிந்துவிடும். அங்கே துரை எப்படி, சவுக்கடி உண்டா, காய்ச்சலில் படுத்தால் கூலி கிடைக்குமா என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தி "சம்மதம்தானா?" என்று கேட்கச் சட்டம் இருந்தது. ஆனால் பார்க்காத ஊரைப் பற்றி என்ன தெரிந்து சம்மதிப்பது?

உண்மையைச் சொன்னவர்கள் திரும்பி வந்தவர்கள்தான். 1871ல் 'ரெட் ரைடிங் ஹூட்' கப்பலில் சென்னைக்குத் திரும்பிய தொழிலாளர்கள், தாங்கள் நடத்தப்பட்ட விதத்தை அதிகாரிகளிடம் புகாராகவே சொன்னார்கள். அதை இந்திய அரசு சும்மா விடவில்லை. நேட்டாலில் 1872ல் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. இந்தியத் தொழிலாளர்களுக்கென ஒரு பாதுகாவலர் நியமிக்கப்பட்டார். அதற்குப் பிறகுதான், 1874ல், மறுபடி ஆள் அனுப்ப ஆரம்பித்தார்கள். இரண்டே வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. பசி வந்தபின் யார் கேள்வி கேட்பார்கள்?

போன இடத்தில் விதியும் மாறியது. 1895ல் நேட்டால் அரசு கொண்டுவந்த சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்குகிறவர் வருஷம் 3 பவுண்டு வரி கட்டணும். மாதம் 10 ஷில்லிங் என்றால் வருஷத்துக்கு 6 பவுண்டு; அதில் சரிபாதி! இந்த வரியை எதிர்த்த போராட்டத்தில்தான் தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போனார். 1914ல் வரி ஒழிந்தது.

'பாதுகாவலர்' என்ற பெயரில் ஒரு பதவி இன்றும் இங்கே இருக்கு. 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையில் இயங்குகிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுக்குப் பதிவு எண் கட்டாயம். இ-மைக்ரேட் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதற்கு மேல் கேட்கக் கூடாது.

செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ வளைகுடா வேலைக்கு ஏஜென்ட்டைத் தேடும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: பதிவு எண்ணைப் பாருங்க, ஆனா அதோட நிறுத்திடாதீங்க. அதே கம்பெனியில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரையாவது தேடிப் பிடிச்சுப் பேசுங்க. 1872ல் விசாரணைக் கமிஷனையே உட்கார வைத்தது அப்படித் திரும்பி வந்தவர்களின் வார்த்தைதான்.