கனவின் கர்த்தா யார்? ஸந்த்யாதிகரணமும் திருநாராயணபுர வரலாறும்

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் ஆகிய ஊர்களைக் கொண்ட எல்லைநிலம் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் நிலம். இடைக்காலத்தில் இது ஹொய்ஸளர் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹொய்ஸள ராமநாதன் ஓசூரை அடுத்த குந்தாணியிலிருந்து ஆண்டான். தேன்கனிக்கோட்டையில் எம்பெருமான் பேட்டராய ஸ்வாமி என்னும் திருநாமத்துடன் எழுந்தருளியிருக்கிறான். இவ்வெல்லைக்கு மேற்கே, அதே ஹொய்ஸள நாட்டின் உட்பகுதியில் உள்ளது மேலக்கோட்டை என்னும் திருநாராயணபுரம். அத்திவ்யதேசத்தின் வரலாறு ஒரு கனவில் தொடங்குகிறது.

எம்பெருமானார் மேல்நாட்டில் எழுந்தருளியிருந்த காலத்தில் திருமண்காப்பு தீர்ந்துபோக, திருவுள்ளம் கலங்கிக் கண்வளர்ந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அன்றிரவு திருநாராயணன் கனவில் தோன்றி, யாதவாத்ரியில் தான் மண்ணுள் மறைந்திருக்கும் இடத்தையும், திருமண் கிடைக்கும் இடத்தையும் காட்டியருளினான். மறுநாள் அவ்விடத்தை அகழ்ந்தபோது அர்ச்சாமூர்த்தி வெளிப்பட்டது. உத்ஸவரான ராமப்ரியர் தில்லியில் இருப்பதும் மீண்டும் ஒரு கனவினாலேயே தெரியவந்தது என்பது ஸம்ப்ரதாயம்.

இங்கே ஒரு வினா எழுகிறது. கனவு என்பது உறங்குபவனுடைய மனத்தின் தோற்றம் மட்டுமே என்றால், திருநாராயணபுரத்து நியமனம் யாருடைய நியமனம்? எம்பெருமானுடையதா, களைத்து உறங்கிய ஓர் ஆசார்யருடைய விருப்பத்தின் நிழலா? இவ்வினாவுக்கு விடை குருபரம்பரை நூல்களில் இல்லை, ஸ்ரீபாஷ்யத்தில் உள்ளது.

ப்ரஹ்மஸூத்ரத்தின் மூன்றாம் அத்யாயம், இரண்டாம் பாதத்தின் முதல் ஆறு ஸூத்ரங்கள் ஸந்த்யாதிகரணம் எனப்படும். விழிப்புக்கும் ஆழ்ந்த உறக்கத்துக்கும் இடைப்பட்ட சந்தியாதலால் கனவு ‘ஸந்த்யம்’ ஆயிற்று. கனவில் தேரும் குதிரையும் வழியும் படைக்கப்படுவதாக ப்ருஹதாரண்யகம் கூறும் இடமே இதற்கு விஷயவாக்யம். அவற்றைப் படைப்பவன் ஜீவனா, ஈச்வரனா என்பதே ஐயம்.

முதல் இரண்டு ஸூத்ரங்களையும் பூர்வபக்ஷமாகக் கொள்கிறார் பாஷ்யகாரர்: ஜீவனே படைக்கிறான் என்பது அது. மூன்றாம் ஸூத்ரம் ஸித்தாந்தம். அதிலுள்ள ‘மாயா’ என்னும் சொல்லுக்குப் பொய் என்று பொருள் கொள்ளாமல், ஆச்சர்யம் என்று பொருள் கொள்கிறார். கனவுப் பொருள்கள் காண்பவன் ஒருவனுக்கு மட்டும், அந்தக் கணத்துக்கு மட்டும், அவனுடைய அற்பமான புண்ணிய பாபங்களுக்குப் பயனாக ஈச்வரனால் படைக்கப்படுபவை. அறையில் படுத்திருப்பவன் வேற்றுநாடு செல்வதும், முடிசூடுவதும், தலை வெட்டுண்பதும் படுத்திருக்கும் உடலை ஒத்த வேறோர் உடலைப் படைப்பதனால் பொருந்தும் என்று விளக்குகிறார்.

சங்கரர் கனவைப் பொய்யென்றே கொண்டாலும், அது உணர்த்தும் பலன் மெய்யாகலாம் என்று ஒப்புகிறார். பொய்யான குறி மெய்யைக் காட்டும் என்பது அவர் கருத்து. எம்பெருமானாருக்குக் குறியும் மெய்யே. எல்லா ஞானமும் யதார்த்தம் என்று ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் நிறுவியதன் தொடர்ச்சியே இது.

ஆறாம் ஸூத்ரத்தில் அவர் காட்டும் யுக்தி சிறப்பாகக் கருதத்தக்கது. கனவு நன்மை தீமைகளை முன்னறிவிக்கும் என்று ச்ருதி கூறுகிறது. ஜீவன் தன் ஸங்கல்பத்தால் கனவைப் படைப்பானாகில் தனக்கு நல்லதையே படைத்துக்கொள்வான். தீக்கனவு என்று ஒன்று இராது. எனவே கனவின் கர்த்தா அவனல்லன்.

இவ்விடத்தில் அண்மைக்கால ஆராய்ச்சியின் போக்கை ஒப்பிட்டு நோக்கலாம். வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1900-ஆம் ஆண்டுக் கொள்கையில், கனவு உறங்குபவனுடைய விருப்பத்தின் நிறைவேற்றம் என்றார். உலகப்போரில் அதிர்ச்சியுற்றோர் அதே கொடுமையை மீண்டும் மீண்டும் கனவில் கண்டமை அக்கொள்கைக்கு அடங்கவில்லை என்பதை 1920-இல் அவரே ஒப்புக்கொண்டார். பூர்வபக்ஷம் இடறிய அதே தீக்கனவில் அவர் கொள்கையும் இடறிற்று.

1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறக்கத்தில் இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் பருவங்கள் உண்டென்றும், அப்போது எழுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் கனவு கண்டதாகக் கூறினர் என்றும் காட்டினர். இப்பருவங்கள் இரவின் பிற்பகுதியில் நீள்கின்றன. விடியற்காலைக் கனவு நினைவில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1977-இல் ஹாப்சனும் மெக்கார்லியும் மூளைத்தண்டில் தானே எழும் தூண்டல்களை மேல்மூளை ஒரு கதையாகக் கோக்கிறது என்றனர். பின்வந்தோர் இதனை மறுத்தும் திருத்தியும் உள்ளனர். ஆராய்ச்சி இன்னும் ஒரு முடிவில் நிற்கவில்லை.

இவ்வாராய்ச்சிகள் ஸ்ரீபாஷ்யத்தை நிறுவுகின்றன என்பது பொருந்தாது. மறுக்கின்றன என்பதும் பொருந்தாது. அவை கனவு நிகழும் கருவியை ஆராய்கின்றன. கருவியை அறிந்ததனால் கர்த்தாவைப் பற்றிய கேள்வி தீர்ந்துவிடாது. உறங்குபவன் தன் இச்சைப்படி கனவை ஆக்குவதில்லை என்ற அளவிலே இரண்டும் ஒத்துப்போகின்றன.

எனினும், கண்ட கனவெல்லாம் நியமனமாகிவிடுமோ என்னும் அச்சத்துக்கு இடமில்லை. கனவை ஸூசகம் என்றே ஸூத்ரம் கூறிற்று. சாஸ்த்ரத்துக்கு நிகரான ப்ரமாணம் என்று கூறவில்லை. பெரும்பாலான கனவுகள் அற்ப வினைகளின் பயனாய் அனுபவித்துக் கழிவனவே. திருநாராயணபுரத்திலும் கனவு கண்ட அளவில் எம்பெருமானார் நின்றுவிடவில்லை. காட்டப்பட்ட இடத்துக்கு எழுந்தருளி, மண்ணை அகழ்ந்து, பலர் காண மூர்த்தியை வெளிப்படுத்தினார். ஒருவர் கண்ட கனவு எல்லோரும் ஸேவிக்கும் திருமேனியானது அங்ஙனமே.

உயிர்கள் உறங்கும்போதும் உறங்காதிருந்து, அவரவர்க்கு உரியதைப் படைப்பவன் ஒருவன் உளன் என்று கடவல்லி கூறுகிறது. தன் உடலையும் அறியாது கிடக்கும் பொழுதிலும் ஜீவன் தனித்து விடப்படுவதில்லை என்பதே ஸந்த்யாதிகரணத்தின் தேறிய பொருள்.