பக்கவாட்டில் வந்த கதிர்கள்: காமா வெடிப்பு அளவீட்டில் இந்தியக் கருவிகள்

தமிழ்நாட்டின் நரிக்குடி வட்டாரத்தில் மேகமில்லாத இரவுகளுக்குக் குறைவில்லை. ஆயினும் தொலைதூர விண்மீன் மண்டலங்களில் நிகழும் காமாக் கதிர் வெடிப்பை அங்கிருந்து நேராகப் பதிவுசெய்ய வழியில்லை. வளிமண்டலம் அக்கதிர்களை மேலேயே உறிஞ்சிவிடுகிறது. ஆகவே இத்துறை செயற்கைக்கோள்களோடுதான் பிறந்தது. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா கோள்கள் 1967 ஜூலை 2இல் ஒரு வெடிப்பைப் பதிவுசெய்தன. 1973இல்தான் உலகம் அதை அறிந்தது.

இந்தியாவின் தொடக்கம் எளிதாக அமையவில்லை. ஏ.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் முதல் இரு முயற்சிகளும் தோற்றன. 1992 மே மாதம் அதே ஏவூர்தியில், காமா வெடிப்புக் கருவியோடு ஏவப்பட்ட ஸ்ராஸ்-சி செயற்கைக்கோள் தாழ்ந்த பாதையில் சிக்கி இரு மாதத்துக்குள் எரிந்துபோனது. 1994 மே 4இல் சென்ற ஸ்ராஸ்-சி2 நின்று உழைத்து, பல வெடிப்புகளைப் பதிவுசெய்தது. அந்தச் சிறிய கோளுக்கு நம் வரலாற்று நூல்கள் இன்னும் உரிய இடம் தரவில்லை என்பது என் கருத்து.

அடுத்த பாய்ச்சல் 2015 செப்டம்பர் 28இல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட். நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை சாய்வில், ஏறத்தாழ 650 கி.மீ. உயரத்தில் சுற்றும் இக்கோள், நரிக்குடிக்குத் தெற்கு வானில்தான் கடந்து செல்லும். அதிலுள்ள காட்மியம் துத்தநாக டெலுரைடு கருவியில் 16,384 உணர்புள்ளிகள். அதன் நேர்ப்பார்வை சில பாகைகளே. ஆனால் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட கதிர்கள் பக்கச்சுவர்களையும் ஊடுருவி உள்ளே வந்துவிடுகின்றன. அக்டோபர் 6இல் கருவியை இயக்கிய அன்றே, நோக்குதிசைக்கு ஏறத்தாழ 60 பாகை தள்ளி நிகழ்ந்த வெடிப்பு பதிவானது.

2017 ஜனவரியில் இந்தக் கண்காணிப்பின் மதிப்பு துலங்கியது. ஜனவரி 4இல் ஈர்ப்பலை ஒன்று வந்தது. அதன் மூலத்தைத் தேடியவர்களுக்கு, மங்கிக்கொண்டிருந்த ஓர் ஒளிப்புள்ளி அகப்பட்டது. இரண்டும் ஒன்றா? மறுநாள் நிகழ்ந்த தனி வெடிப்பொன்றை அஸ்ட்ரோசாட் காட்டியது. அந்த ஒளி அதன் பின்னொளியே என்று வானியலாளர் வருண் பலேராவின் குழு நிறுவியது.

வெடிப்புகளைப் பதிவுசெய்வதைவிட அஸ்ட்ரோசாட்டின் பெரிய பங்களிப்பு தளவிளைவு அளவீடுதான்; அதாவது, கதிர்களின் அதிர்வு எந்த அளவுக்கு ஒரே தளத்தில் ஒழுங்குபட்டிருக்கிறது என்று அளப்பது. காமாத் துகள் ஓர் உணர்புள்ளியில் மோதி, காம்ப்டன் சிதறலால் அடுத்த புள்ளிக்குத் தெறிக்கும். கிட்டத்தட்ட ஒரே கணத்தில் பதிவாகும் அந்த இரு தடங்களையும் இணைத்தால் தெறித்த திசை கிடைக்கும். ஏராளமான தெறிப்புகள் எத்திசையில் குவிகின்றன என்பது தளவிளைவின் கோணத்தையும், எவ்வளவு குவிகின்றன என்பது அதன் அளவையும் காட்டும். இத்திறனை ஏவுமுன்பே தரையில் சோதித்திருந்தார்கள். அந்த முன்யோசனைதான் பின்னாளில் பலன் தந்தது.

2016 ஆகஸ்ட் 21இல் நிகழ்ந்த வெடிப்பில், தளவிளைவின் கோணம் இரு முறை ஏறத்தாழ 80 பாகை திரும்பியதை 2019இல் விதுஷி சர்மா, ஷப்னம் ஐயானி உள்ளிட்டோர் வெளியிட்டனர். வெடிப்பிலிருந்து பாயும் பீச்சில் ஒழுங்கான காந்தப்புலம் இருப்பதற்கான சான்றாக அதைக் கண்டார்கள். 2022இல் வெளியான, 20 பொலிவான வெடிப்புகளின் ஆய்வோ, முழு நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் தளவிளைவு குறைவு என்றது. இரண்டும் முரணல்ல. கோணம் இடையில் திரும்பினால், கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். நொடி நொடியாகப் பிரித்துப் பார்க்கத் துகள்கள் ஏராளமாக வேண்டும், அதற்குப் பெரிய கருவி வேண்டும்.