பால் கக்கும் குழந்தையும் மானிப்பாய் வைத்தியமும்

கைக்குழந்தை குடித்த பாலைக் கக்குதல் உலகெங்குங் காணப்படுவதே. ஆயினும் யாழ்ப்பாணத்துத் தாய்மார் அதனை ஒரே சொல்லால் வழங்கினாரல்லர். வருத்தமெதுவுமின்றிக் கடைவாயில் வழிவது கக்கல். உண்டது தொண்டைவரை மேலெழுந்து புளித்து மீள்வது எதுக்களிப்பு. குமட்டலோடு வயிறு இறுகி வெளியே தள்ளுவது சத்தி. இக்காலக் குழந்தை மருத்துவரும் முதலில் வினவுவது இம்மூன்றில் எது என்பதையே என்றால், அச்சொற்களின் அருமை புலனாகும்.

குழந்தை நோய்களைத் தனியே வகுத்துரைக்கும் வழக்கமும் இந்நாட்டிற் பழமையானது. நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் பட்டப்பெயர்களை மாறிமாறிச் சூடினர். அப்பெயர்களாலேயே வைத்திய நூல்களும் வழங்கலாயின. பரராசசேகரத்தில் பாலரோக நிதானம் என ஒரு பகுதி உண்டு. ஏடுகளிற் கிடந்த அந்நூலை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையா அச்சேற்றியிராவிடின், அது செல்லுக்கு இரையாகியிருக்கவும் கூடும்.

ஏடு காணாத வீடுகளிலே வசம்பு இருந்தது. பிள்ளை வளர்ப்பான் என்பது அதன் மறுபெயர். அதனைச் சுட்டுக் கரியாக்கி, தாய்ப்பாலில் உரைத்து, நாவிற் சிறிது தடவுவர். அளவு மிஞ்சின் அவ்வேரே சத்தியை உண்டாக்கும்; அமெரிக்க அரசு 1968இல் அதனை உணவிற் சேர்த்தலைத் தடைசெய்தது. மருந்தைக் காட்டிலும் பாட்டியாரின் தோளே பயன் தந்தது என்று கூறலாம். பாலூட்டியவுடன் கிடத்தாமல், குழந்தையைத் தோளிற் சாய்த்து, முதுகைத் தடவி ஏப்பம் விடச்செய்யும் வழக்கத்திற்கு எவரும் நூலாதாரம் கேட்டதில்லை.

வயிற்றிலுள்ள புளிப்பு யாது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. அது ஐதரோகுளோரிக் அமிலமே என 1824இல் வெளியிட்டவர் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் புரௌற். 1822இல் அமெரிக்காவில் ஒருவருக்குத் துப்பாக்கிக் காயத்தால் வயிற்றில் ஒரு துளை உண்டாகி மூடாது நின்றது. அதன்வழி செரிமானத்தைக் கண்ணாரக் கண்ட வில்லியம் போமன்ற், தம் ஆய்வை 1833இல் நூலாக்கினார்.

அதே 1822ஆம் ஆண்டில், மசசூசெற்ஸ் மாநிலத்து உவூஸ்ரர் நகரிற் பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மிஷன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டில் மானிப்பாயில் நிலைகொண்டார். அவருக்கு முன்னரே 1820 முதல் பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் வைத்தியம் செய்திருந்தார். கிறீனின் தனிச்சிறப்பு, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கவேண்டுமெனத் துணிந்தமை. ஆங்கிலங் கற்ற வைத்தியன் ஊரைவிட்டுப் பட்டினம் போவான். தமிழிற் கற்றவனோ தன் கிராமத்திலே நின்று தாயோடு பேசுவான் என்பது அவர்தம் கருத்தின் சாரம்.

பிரசவ வைத்தியம் 1857இல் வெளிவந்தது. 1867இல் இரண வைத்தியம், 1872இல் வைத்தியாகரம், 1875இல் கெமிஸ்தம் எனப் பெருநூல்கள் தொடர்ந்தன. கெமிஸ்தம் என்னும் பெயரே ஒரு செய்தி கூறும்: பொருந்திய தமிழ்ச்சொல் வாய்க்காவிடத்து வேற்றுச்சொல்லுக்குத் தமிழ் உடை அணிவித்துப் போதலே அவர் கையாண்ட வழி. சாப்மன், டான்போர்த் எனக் கிறிஸ்தவப் பெயர் பூண்ட தமிழ் மாணாக்கரே மொழிபெயர்ப்பின் பெருஞ்சுமையைத் தாங்கினர். அவர் புகழ் கிறீனின் புகழுக்குள் மறைந்துபோனமை நியாயமன்று. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும்வரை கிறீன் இப்பணியைக் கைவிடவில்லை.

ஆயினும் காற்று மாறி வீசிற்று. 1870இல் கொழும்பில் வைத்தியக் கல்லூரி தோன்றியது. அங்கே ஆங்கிலமே போதனாமொழி. அரசாங்க உத்தியோகம் அவ்வழியே கிடைத்தது. மானிப்பாய் நூல்கள் அலமாரி ஏறின. வைத்தியன் ஒரு மொழியிற் சிந்திக்க, தாய் வேறொரு மொழியில் முறையிடலானாள். கக்கலும் சத்தியும் துண்டுக்கடதாசியில் ஒரே ஆங்கிலச் சொல்லாய் முடிந்த வேளைகளில், மருந்து வேண்டாத குழந்தைக்கு மருந்தும், விரைந்து பார்க்கவேண்டிய குழந்தைக்குத் தாமதமும் நேரக்கூடும். இடைவெளியில் நுழைந்தது கிறைப் வாட்டர். 1851இல் நொற்றிங்காமில் வில்லியம் உவூட்வாட் ஆக்கிய அக்கலவையில் அந்நாளிற் சாராயமும் இருந்தது. அழுத பிள்ளை உறங்கியதில் வியப்பென்ன!

நோயின் காரணம் பின்னரே துலங்கியது. அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கும் என்பதை 1935இல் நியூயோர்க் மருத்துவர் ஆஷர் விங்கல்ஸ்ரைன் விளக்கினார். 1947இல் நியூகவுசர், பெரன்பேர்க் என்னும் இருவர், வயிற்றின் வாயிலிலுள்ள தசை தளர்ந்திருத்தலே பல குழந்தைகள் கக்குவதற்குக் காரணமென்று காட்டி, நிமிர்த்தி வைத்தலே பரிகாரம் என்றனர். பாட்டியாரின் தோள் கதிர்ப்படத்திற் சான்று பெற்றது!

அத்தசை வளர வளர உறுதியடையும். ஆதலின் கக்கியும் நன்றாய்க் குடித்து நிறையேறும் குழந்தைக்கு அமிலந் தணிக்கும் மருந்து வேண்டியதில்லை. பெரும்பாலானோர்க்கு ஒன்றரை வயதுக்குள் தானே தீரும். சிறிது சிறிதாய் ஊட்டி, சற்றுநேரம் நிமிர்த்தித் தூக்கி, உறங்கும்போது சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்தவேண்டும். குப்புறக் கிடத்தினாற் கக்கல் குறையலாம். ஆனால் திடீர் மரண ஆபத்து மிகும். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் ஆகாது. சற்று வளர்ந்த பிள்ளைக்கு எதுக்களிப்பும் நெஞ்செரிவும் மீண்டும் மீண்டும் வருமாயின், இரவு உணவை உறக்கத்திற்கு நெடுநேரம் முன்னரே கொடுத்து, அளவையும் உறைப்பையும் தேநீரையும் குறைத்துப் பார்ப்பர். அதன்மேலும் நீடித்தால் வைத்தியரே ஆராய்ந்து மருந்து தீர்மானிப்பார்.

பச்சை நிறச் சத்தி, இரத்தம் கலந்த சத்தி, பீறிட்டுப் பாயும் சத்தி, நிறை குறைதல், உணவை மறுத்தல் என்பன காத்திருக்கத் தக்கவையல்ல. இவற்றை வைத்தியசாலையிற் கூறும் தாய், எத்தனை முறை, எந்நிறம், ஊட்டி எவ்வளவு நேரத்தின் பின், கக்கலா சத்தியா எனத் தன் தமிழிலேயே பிரித்துரைத்தாற் போதும்.