திறவுகோலைக் கொண்டு செல்வது எவ்வாறு?

செய்தியைப் பகைவன் அறியாவண்ணம் மறைத்தெழுதுவது ஒரு வித்தை. அதை விடுவிக்கும் திறவுகோலை நண்பனிடம் பத்திரமாகச் சேர்ப்பது வேறொரு வித்தை. பெருங்கேடு விளைந்தது பெரும்பாலும் இரண்டாவதில்தான் என்பது என் கருத்து.

இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் தூதரகங்கள் தம் தந்திகளை எண்களாக மாற்றி, இரகசியத் தாளொன்றில் ஒழுங்கின்றி அச்சிட்ட எண்களை அவற்றோடு கூட்டி அனுப்பின. பெறுபவர் அதே தாளைக் கொண்டு கழித்துப் படிப்பார். தாளை ஒரே முறை பயன்படுத்தி அழித்துவிட்டால் அம்மறைப்பை எவராலும் உடைக்க இயலாது. ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் இதனைக் கணித வாயிலாக நிறுவினார். ஆனால், 1942-ஆம் ஆண்டின் போர் நெருக்கடியில், பல்லாயிரம் தாள்கள் இரட்டையாக அச்சிடப்பட்டன. ஒரே தாளால் மறைத்த இரு தந்திகளில் ஒன்றை மற்றதிலிருந்து கழித்தால், தாளின் எண்கள் மறைந்துவிடும் அல்லவா?

1943 பிப்ரவரியில் அமெரிக்கப் படையின் ஆர்லிங்டன் நிலையத்தில் அத்தந்திகளை ஆராயத் தொடங்கியவர் ஜீன் கிராபீல் என்னும் அம்மையார். அதற்குச் சற்று முன்புவரை அவர் பள்ளி ஆசிரியை! (எங்கள் தொழிலினர் என்பதில் எனக்குச் சிறிது பெருமை.) பல்லாண்டு உழைப்பில் ஏறத்தாழ 3,000 தந்திகள் முழுமையாகவோ பகுதியாகவோ வெளிப்பட்டன. அணுகுண்டு இரகசியங்களை அளித்த விஞ்ஞானி கிளாஸ் ஃபூக்ஸ் 1950-இல் சிறை புகுந்ததற்கு இத்துப்பே வழிகாட்டியது.

1976-இல் டிஃபியும் ஹெல்மனும், பலர் கேட்கப் பேசியே இருவர் ஓர் இரகசியத் திறவுகோலை உண்டாக்கும் கணித வழியை வெளியிட்டனர். அதன் காவல், கணக்கின் கடுமை ஒன்றே. குவாண்டம் கணிப்பொறி அமைந்தால் அக்காவல் தகர்ந்துவிடும் என்பதை 1994-இல் ஷோர் காட்டினார்.

இதற்கிடையே 1984 டிசம்பரில், நம் பெங்களூரில் நடந்த மாநாட்டில் பென்னெட், பிராஸார்ட் என்னும் இருவர் புதுமுறையொன்றைக் கூறினர். திறவுகோலை ஒற்றை ஒளித்துகள்களாக அனுப்புவது அம்முறை. இடையில் ஒற்றன் அளந்தால் துகள்களின் நிலை கலங்கும், பிழைகள் மிகும், இருவரும் விழித்துக்கொள்வர். அழகான யோசனைதான். ஆயினும் எதிர்முனையில் இருப்பவர் நண்பர்தாமா என்பதை ஒளி சொல்லாது. அதற்குப் பழைய கணிதமே வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி வழியிலேயே மங்கும். 2017-இல் பெய்ஜிங்கும் வியன்னாவும் சீனச் செயற்கைக்கோள் வழியே திறவுகோல் பெற்றபோது, அச்செயற்கைக்கோளும் அந்த இரகசியத்தை அறிந்தே இருந்தது. 2010-இல் நார்வே ஆராய்ச்சியாளர் சிலர், விற்பனையிலிருந்த கருவிகளின் ஒளியுணரிகளைப் பிரகாசமான ஒளியால் குருடாக்கி, பிடிபடாமலே திறவுகோலைக் கவர வழியுண்டு என மெய்ப்பித்தனர்.

ஆகவே, நெடுங்காலம் காக்கவேண்டிய இரகசியங்களை உடைய, அருகருகே அமைந்த சில அலுவலகங்களுக்கு இம்முறை பயன் தரலாம். மற்றோர்க்கு, குவாண்டம் கணிப்பொறிக்கும் ஈடுகொடுக்குமென்று எதிர்பார்த்து அமெரிக்க அரசின் தர நிர்ணய நிலையம் 2024-இல் வெளியிட்ட புதிய கணித முறைகளே ஏற்றவை என எண்ணுகிறேன். அவற்றுக்குத் தனி இழையோ செயற்கைக்கோளோ வேண்டா. இருக்கும் கணிப்பொறிகளே போதும்.