‘50 ரூபாய் செம்பு 5 லட்சத்துக்குப் போச்சாம்!’ - பழைய சாமான் புதையல் கதைகளில் எது நிஜம்?

‘வத்தலக்குண்டு பக்கம் ஒருத்தர், காயலாங்கடையில 50 ரூபாய்க்கு ஒரு செம்பு வாங்கினாராம். தேய்ச்சுப் பார்த்தா உள்ளே தங்கமாம். 5 லட்சத்துக்குப் போச்சாம்!’

இந்தக் கதையை நீங்க கேட்டிருப்பீங்க. ஊர் மட்டும் நத்தம், நிலக்கோட்டை, வேடசந்தூர்னு மாறும். செம்புக்குப் பதில் பழைய ரேடியோ, தாத்தா காலத்துக் கடிகாரம், ராணி தலை போட்ட காசுன்னு பொருளும் மாறும். மாறாதது ஒண்ணே ஒண்ணுதான். வாங்கினா‘ராம்’, தங்க‘மாம்’, போச்‘சாம்’. அந்த ‘ஆம்’! சொல்றவருக்கு நேரில் தெரியாது, அவருக்குத் தெரிஞ்சவருக்குத் தெரிஞ்சவர் சொன்னார்ங்கிறதை அந்த ஒரு சொல் ஒப்புக்கொண்டுவிடுகிறது.

அதுக்காக எல்லாமே கட்டுக்கதைன்னு ஒதுக்கிடவும் முடியாது. பழைய சாமானில் இருந்து பெரிய பொருள் கிடைத்த நிஜக் கதைகள் இருக்கு. எது நிஜம், எது வலை, உங்க வீட்டுப் பரணில் இருக்கிறதை என்ன செய்யலாம்... பார்த்துடலாமா?

‘ஆம்’ இல்லாத மூன்று கதைகள்

அமெரிக்காவில் வீட்டில் வேண்டாத பொருள்களை வாசலிலேயே பரப்பி விற்பது வழக்கம். 2020-ல் கனெக்டிகட் மாகாணத்தில் அப்படி ஒரு வீட்டு வாசலில், நீலப் பூ வரைந்த சின்னப் பீங்கான் கிண்ணத்தை ஒருவர் 35 டாலருக்கு வாங்கினார். சந்தேகம் வந்து சோத்பிஸ் ஏல நிறுவனத்துக்குப் படம் அனுப்பினார். அது 15-ஆம் நூற்றாண்டுச் சீன மிங் அரச வம்சத்துக் கிண்ணம். அந்த வகையில் உலகத்தில் மொத்தம் 7 மட்டுமே இருப்பதாகத் தெரிந்தது. 2021 மார்ச்சில் 7,21,800 டாலருக்கு ஏலம் போனது. நம்ம கணக்கில் 5 கோடி ரூபாய்க்கு மேல்!

இரண்டாவது கதை இன்னும் பதற வைக்கும். அமெரிக்கப் பழைய இரும்பு வியாபாரி ஒருவர், பழைய பொருள் சந்தையில் தங்க முட்டை ஒன்றைச் சுமார் 14,000 டாலருக்கு வாங்கினார். உருக்கித் தங்கமாக விற்பதுதான் திட்டம். ஆனால், அவர் கொடுத்த விலைகூடத் தேறாதுன்னு எல்லோரும் கைவிரிக்க, முட்டை வீட்டிலேயே கிடந்தது. முட்டைக்குள் ஒரு கடிகாரம். அதில் இருந்த பெயரை 2012-ல் இணையத்தில் தேடினார். 1887-ல் ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டருக்காக ஃபேபர்ஜே நிறுவனம் செய்த, பல ஆண்டுகளாகக் காணாமல்போன ஈஸ்டர் முட்டை அது! லண்டன் நிபுணர்கள் உறுதி செய்து, 2014-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். தங்கத்துக்கு நல்ல விலை கிடைத்திருந்தால், அது என்றைக்கோ உருகியிருக்கும்.

மூன்றாவது கதை இந்தியாவில் நடந்தது. சண்டிகர் நகரம் உருவானபோது அங்குள்ள அரசு அலுவலகங்களுக்காக, பியர் ஜென்னரே என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் தேக்கு நாற்காலிகள் செய்தார்கள். கால் உடைந்து, பிரம்பு பிய்ந்து மாடியில் குவிந்ததும், அவற்றைக் கழிவுப் பொருளாக ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போய்ச் சரிசெய்து, ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் லட்சக்கணக்கில் விற்றார்கள். விஷயம் தெரிந்து, அந்த மரச்சாமான்களை விற்கக் கூடாதுன்னு மத்திய அரசு 2011-ல் உத்தரவு போட்டது. அதற்குள் நிறைய நாற்காலிகள் கடல் தாண்டிவிட்டன.

நாலு கேள்வி கேளுங்க

இந்த மூன்று கதைகளிலும் என்ன பொருள்னு தெளிவா இருக்கு. எங்கே, எப்போது கிடைத்ததுன்னு இருக்கு. என்ன விலைக்குக் கைமாறியது என்பதற்குப் பதிவு இருக்கு. முக்கியமா, ஒரு நிபுணராவது ‘ஆமா, இதுதான்’னு சொல்லியிருக்கார். அடுத்த முறை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் புதையல் கதை வந்தால் இந்த நாலையும் கேளுங்க. என்ன பொருள்? எங்கே, எப்போ? ரசீது இருக்கா? யார் பரிசோதிச்சா? மூணாவது கேள்விக்குள்ளேயே பெரும்பாலான கதைகள் படுத்துடும்.

நாலாவது கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு டெரி ஹார்ட்டன் ஓர் உதாரணம். அமெரிக்க லாரி டிரைவரான இவர், பழைய பொருள் கடையில் 5 டாலருக்கு ஓர் ஓவியம் வாங்கினார். அது ஜாக்சன் போலக் வரைந்ததாக இருக்கலாம்னு பேச்சு கிளம்பியது. அப்படியானால் பல கோடி டாலர். அவரைப் பற்றி 2006-ல் ஆவணப்படமே வந்தது. ஆனால், ஓவிய உலகம் கடைசி வரை அதை ஏற்கவில்லை. 2019-ல் அவர் இறக்கும்வரை ஓவியம் விற்கவே இல்லை. கதை எவ்வளவு பெரிசா இருந்தாலும், சான்று இல்லாட்டி விலை இல்லை.

நம்ம ஊரில் எடைதான் விலை

அமெரிக்காவில் வீட்டு வாசலில் நடக்கும் வியாபாரம், நம்ம ஊரில் தராசில் நடக்கிறது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் முதல் இன்று காயலாங்கடை வரை, ஒரு பொருளுக்கு விலை அதன் எடைதான். பித்தளைக்கு ஒரு ரேட்டு, இரும்புக்கு ஒரு ரேட்டு, காகிதத்துக்கு ஒரு ரேட்டு. யார் செய்தது, எப்போது செய்ததுன்னு தராசு கேட்காது.

திண்டுக்கல்காரர்களுக்கு இதைப் புரியவைக்கப் பூட்டு ஒன்றே போதும். கையால் செய்த திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் பூட்டுன்னு அதில் எத்தனையோ ரகம். இயந்திரத்தில் செய்த மலிவான பூட்டுகள் வந்தபிறகு இந்தத் தொழில் சுருங்கிக்கொண்டே வருகிறது. பழைய வீட்டை இடிக்கும்போது கதவோடு கழற்றும் பெரிய பூட்டு எங்கே போகும்? தராசுக்குத்தான். அதே பூட்டு, வேலை செய்கிற சாவியோடு பழம்பொருள் சேகரிப்பவர் கையில் கிடைத்தால் அவர் கொடுக்கிற விலை வேற.

அந்த ‘வேற’ விலையைக் கண்ணால் பார்க்க, நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடிக்கு பஸ் ஏறுங்க. முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்பட்டபோது வெளியே வந்த பர்மா தேக்குத் தூண்கள், எனாமல் தூக்குகள், ரவி வர்மா அச்சுப் படங்கள், மரப்பாச்சிகள், பீங்கான் ஜாடிகள்னு குவிந்திருக்கும். இந்தத் தெருவும் ஒருவகையில் ‘வீட்டு வாசல் விற்பனை’தான். ஒரே வித்தியாசம், இங்கே விற்பவருக்குப் பொருளின் விலை நல்லாவே தெரியும். அதனால் ‘50 ரூபாய் செம்பு’ இங்கே கிடைக்காது. புதுப் பித்தளையைக் கறுப்பாக்கிப் பழசுன்னு விற்கும் ஆட்கள் எந்தப் பழம்பொருள் சந்தையிலும் உண்டு என்பதையும் மனதில் வையுங்க.

‘ஆம்’ கதையை வைத்துப் பின்னும் வலை

‘பழைய பொருள் கோடிக்குப் போச்சாம்’னு காதில் ஊறிப்போன ஊரில், ‘உங்க பொருளும் போகும்’னு ஒருத்தர் வந்து சொன்னால் நம்பத் தோணும். ‘ரைஸ் புல்லிங்’ மோசடி வளர்ந்தது இப்படித்தான். இடி விழுந்த செம்புப் பாத்திரமாம், இரிடியம் கலந்ததாம், அரிசியை இழுக்குமாம், வெளிநாட்டு விண்வெளி நிறுவனம் வாங்குமாம்! இரிடியம் நிஜமான உலோகம்தான். ஆனால், இரிடியமோ செம்போ அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத் தூளை ஒட்டவைத்து, பாத்திரத்தில் காந்தத்தை மறைத்து வைத்தால் இழுக்கும். பிறகு பரிசோதனைக் கட்டணம், விஞ்ஞானிக்கான பாதுகாப்பு உடை, முன்பணம்னு உங்ககிட்ட இருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். ‘சதுரங்க வேட்டை’ படம் வந்து 10 வருடங்களுக்கு மேல் ஆகியும், இந்த மோசடியில் கைது செய்தி நின்றபாடில்லை.

போன் வைத்திருக்கும் நமக்கு இன்னொரு வலை உண்டு. ‘வைஷ்ணவி தேவி படம் போட்ட காசு இருந்தால் 10 லட்சம்’ வகை விளம்பரங்கள். அந்தக் காசு 2012-ல் அரசு புழக்கத்துக்காக வெளியிட்டது. அது கையில் இருப்பதாலேயே லட்சாதிபதி ஆகிவிட முடியாது. விளம்பரத்தில் இருக்கும் நம்பருக்குப் பேசினால் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன்னு கேட்பார்கள். ரிசர்வ் வங்கி பெயரையே இதுக்குப் பயன்படுத்தியதால், ‘பழைய நோட்டு, காசு வாங்கும் வேலையில் நாங்கள் இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரமும் கொடுக்கவில்லை’ன்னு 2021 ஆகஸ்ட்டில் அந்த வங்கி எச்சரித்தது. ஒரே விதிதான்: உங்க பொருளை வாங்குபவர் உங்களுக்குப் பணம் தரணும். உங்ககிட்ட பணம் கேட்டால், அவர் வாங்க வரவில்லை. ஏற்கெனவே பணம் அனுப்பிட்டீங்கன்னா வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் போடுங்க.

மண்ணுக்குள்ள கிடைச்சா?

கோட்டை இருக்கிற ஊரில் புதையல் கதைக்குப் பஞ்சமா? ஆனால், கடையில் வாங்கிய பழம்பொருளும் மண்ணில் கிடைத்த பொருளும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கு. மண்ணிலோ, மண்ணோடு சேர்ந்த கட்டுமானத்திலோ மறைந்திருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கணும். பழைய வீட்டுச் சுவரை இடிக்கும்போது கிடைப்பதும் இதில் வரலாம். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. முறையாகத் தெரிவித்தால் கண்டெடுத்தவருக்குப் பங்கு பெறவும் வழி இருக்கு. அரசே எடுத்துக்கொண்டால், அந்தப் பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரணும்னு சட்டம் சொல்கிறது.

மண்ணில் கிடைப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? நம்ம மாவட்டத்திலேயே பதில் இருக்கு. பழனி அருகே பொருந்தலில் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில், தமிழ் பிராமி எழுத்து பொறித்த பாத்திரங்களோடு ஒரு ஜாடி நிறைய நெல்லும் கிடைத்தது. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என ஆய்வில் வந்தது. தமிழ் எழுத்தின் வயதைப் பற்றிய விவாதத்தையே அது திருப்பிப்போட்டது. காயலாங்கடையில் அந்த ஜாடிக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைத்திருக்காது. யாராவது தோண்டி எடுத்து வீட்டில் வைத்திருந்தால், அது வெறும் நெல். இருந்த இடத்திலேயே கிடைத்ததால்தான் அது வரலாறு.

பரணை ஒழிக்கும் முன்

* தேய்க்காதீங்க. புளி, எலுமிச்சை, பிராஸோ எதுவும் வேண்டாம். பழைய காசைப் பளபளப்பாக்கினால் சேகரிப்பாளர்களிடம் அதன் விலை விழும்.

* வெள்ளி ரூபாய்களுக்கு அடிப்படை விலை உண்டு. 1940-க்கு முந்தைய பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய்க் காசு 11.66 கிராம் எடை, அதில் 91.7 சதவிகிதம் வெள்ளி. அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. 1940-களில் வெள்ளி அளவைப் பாதியாகக் குறைத்தார்கள் என்பதால், வருடத்தைப் பாருங்க.

* படம் எடுங்க. முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம், எழுத்து இருந்தால் அது தனியாக. யாருடையது, எங்கே வாங்கியதுன்னு பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்க. பொருளோடு அதன் ஊரும் பேரும் சேர்ந்தால்தான் மதிப்பு.

* காசு, சிற்பம் பற்றிய சந்தேகத்துக்கு மதுரை அல்லது சென்னை அரசு அருங்காட்சியகத்தில் கேளுங்க. ஓலைச்சுவடி என்றால் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் நூலகம்.

* பழைய சாமி சிலையை யாராவது மலிவு விலைக்குக் காட்டினால் விலகிடுங்க. திருட்டுச் சிலையை விசாரிக்கவே தமிழ்நாட்டில் தனி போலீஸ் பிரிவு இருக்கு. 100 வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சுவடிகளுக்கு 75 வருடமே கணக்கு.

எடைக்குப் போன காகிதமும் ரோஜா முத்தையாவும்

நம்ம பக்கத்தில் நிஜமாக நடந்த மிகப்பெரிய ‘பழைய சாமான்’ கதையில் தங்கமே கிடையாது. காரைக்குடி அருகே கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். மற்றவர்கள் வேண்டாம்னு கழித்த பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம்னு எல்லாவற்றையும் பல ஆண்டுகள் தேடித் தேடிச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபோது அந்த வீட்டில் சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. ஆனால், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்து, 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர்கள் அங்கே போகாமல் இருக்க முடியாது.

இந்தக் கதைக்கு நாலு கேள்வியும் கேட்டுப் பாருங்க. பெயர் இருக்கு, ஊர் இருக்கு, வருடம் இருக்கு. போய்ப் பார்க்க தரமணியில் கட்டடமே இருக்கு.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடப் போறீங்களா? கட்டை அவர் தராசில் வைக்கும் முன், நடுவில் சொருகியிருக்கும் தாத்தாவின் கடிதத்தையும் பாட்டியின் கல்யாணப் பத்திரிகையையும் எடுத்துவிடுங்க. கிலோவுக்குச் சில ரூபாய்தான் குறையும்.