பாழில் ஒளிந்த ஆற்றல்

2008ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்பற்றாக்குறைக் காலத்தில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் பல டீசல் ஜெனரேட்டரின் இரைச்சலை நம்பியே இயங்கின. வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு ஒருபுறம், டீசல் செலவு மறுபுறம். அத்தகைய நாள்களில், எரிபொருளே வேண்டாத எந்திரம் பற்றிய பேச்சு எவர் செவிக்கும் இனிக்கவே செய்யும். அவ்வினிப்பின் வரலாறு மிகப் பழையது.

பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கணித மேதை பாஸ்கரர், உட்குழிவான ஆரங்களில் பாதியளவு பாதரசம் நிரப்பிய சக்கரம் ஒன்றை விவரித்துள்ளார். பாதரசம் ஒருபுறமாகச் சரிவதால் சக்கரம் தானே சுழன்றுகொண்டிருக்கும் என்பது அவர் கருத்து. அடுத்த நூற்றாண்டில் இவ்வகைச் சக்கரம் ஐரோப்பியரின் ஏடுகளிலும் இடம்பெற்றது. நூற்றாண்டுகள் பல முயன்றும் எச்சக்கரமும் தானே சுழன்றிலது. 1775இல் பாரிசு அறிவியல் கழகம், இத்தகைய எந்திரங்கள் பற்றிய விண்ணப்பங்களை இனி ஆராய்வதில்லை என முடிவு செய்தது.

அடைத்த அக்கதவைத் தட்டுவதுபோல் வந்தது குவாண்டம் இயற்பியல். 1911, 1912ஆம் ஆண்டுகளில் மாக்ஸ் பிளாங்க் தம் கொள்கையைத் திருத்தியமைத்தபோது, தனிச்சுழி வெப்பநிலையிலும் பொருளிடம் சிறிது ஆற்றல் எஞ்சி நிற்கும் எனும் முடிவு கிடைத்தது. இதுவே சுழிநிலை ஆற்றல். இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. ஏனைய பொருள்கள் யாவும் உறையும் கடுங்குளிரிலும் ஹீலியம் நீர்மமாகவே இருப்பது இதனாலேயாம். அதனை உறையச் செய்யக் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு அழுத்தம் வேண்டும். வெற்றிடமும் இவ்வாற்றலுக்கு விலக்கன்று. மின்னூட்டமற்ற இரு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று ஈர்க்கும் என 1948இல் டச்சு அறிஞர் காசிமிர் கணித்தார். 1997இல் அமெரிக்காவில் லாமரோ அவ்விசையைத் துல்லியமாக அளந்து காட்டினார்.

தமிழ் படித்தோர்க்கு இவ்விடத்தே ஒரு சொல் நினைவிற்கு வரும். பரிபாடல் எண்களை அடுக்குமிடத்தில் 'பாழ்' என்னும் சொல்லை முதலில் வைக்கிறது. அதனைச் சுழியெனக் கொள்வோர் உளர். ஒன்றுமில்லாததிலிருந்து எண்ணத் தொடங்குதல் அழகிய சிந்தனையே. ஆயினும் அதனைக் கொண்டு குவாண்டம் கொள்கையை முன்னோர் அறிந்திருந்தனர் என மேடையில் முழங்குவது பரிபாடலுக்கும் பெருமை சேர்க்காது.

பாழில் ஆற்றல் உண்டெனின் அதனை ஏன் எடுத்துப் பயன்படுத்தலாகாது? காசிமிரின் தகடுகள் நெருங்கும்போது சிறிதளவு வேலை கிடைக்கும் என்பது மெய். அவை ஒட்டியபின், மீண்டும் பிரிக்கக் கிடைத்த அளவு ஆற்றலையே செலவிட வேண்டும். பள்ளத்தில் தேங்கிய நீர் ஆலையைச் சுழற்றாது. நீர் விழுவதற்கு அதனினும் தாழ்ந்த இடம் வேண்டும். சுழிநிலையோ அடித்தளம். அதற்கும் கீழே நிலையில்லை.

ஆயினும் முயன்றோர் உண்டு. கைகா அணுமின் திட்டத்தில் உயர்பொறுப்பு வகித்த பொறியாளர் பரமஹம்ச திவாரி, வெளியிலிருந்தே ஆற்றல் பெறுவதாகக் கூறிய மின்னாக்கி ஒன்றைப் பல்லாண்டுகள் ஆய்ந்தார்; உட்செலுத்துவதைவிட மிகுதியாக மின்சாரம் கிடைப்பதாகவும் அறிவித்தார். அறிவியல் உலகம் அதனை ஏற்கவில்லை. பாஸ்கரரின் சக்கரம் வேறுருவில் வந்ததென்றே கருதத் தோன்றுகிறது. கற்றறிந்த பொறியாளரையும் இக்கனவு ஈர்த்தமை வியப்பிற்குரியதன்று. மின்சாரம் ஆக்குவதன் அருமையை நாளும் கண்டவர் அவர்.

புனைவிலக்கியத்திற்கோ இத்தடைகள் இல்லை. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பில் மறைந்த ஆர்தர் கிளார்க், 1986இல் வெளியிட்ட 'தொலைதூரப் பூமியின் பாடல்கள்' என்னும் பொருள்படும் புதினத்தில், வெற்றிடத்தின் ஆற்றலால் இயங்கும் விண்கலத்தைப் படைத்தார். அழியவிருந்த பூமியிலிருந்து அது புறப்படுகிறது. எரிபொருள் கவலை அதற்கு இல்லை. எனினும் கிளார்க் தம் கலத்தை இடைவழியில் ஒரு கடற்கோளில் நிறுத்துகிறார். பெருவேகத்தில் செல்லும் கலத்தை விண்துகள்கள் அரித்துவிடாமல் காக்கும் பனிக்கட்டிக் கவசம் தேய்ந்துவிட்டது. அக்கோளின் கடல்நீரை உறையவைத்துப் புதுக் கவசம் கட்டிய பின்னரே அது மேற்செல்கிறது.